சிவப்புப் பொட்டு வைத்த குழாய்

எங்கள் பேராசிரியர் கிளியான்திஸ் தொலைக்காட்சிக்குப் போகிற நாளில் மட்டும் தலைக்குச் சாயம் பூசிக்கொள்வார். அந்த ஜனவரியில் மட்டும் மூன்று தடவை பூசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நம்ம ரத்தத்துல இயற்கைக் கொல்லி செல்னு ஒரு படை இருக்கு. கண்டதைக் கொல்லும், அடுத்த நிமிஷம் மறந்துடும்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தோம். இல்லீங்க! அதுக்கும் ஞாபகம் இருக்கு!" என்று அவர் மேசையைத் தட்டுவார். பேட்டி எடுக்கிற பெண் வாயைப் பிளப்பாள். ஏதோ அந்தச் செல்களை இவரே மடியில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தது போல ஒரு பூரிப்பு. உண்மையில் அதைக் கண்டுபிடித்தவர்கள் வேறு வேறு தேசத்துக்காரர்கள். இவர் படித்துத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

நான் ஸ்தாமதியா. தெசலோனிக்கி நகரத்தில் இருக்கிற பல ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் இரத்த வங்கியில் வேலை பார்த்தேன். போன வருடம்தான் என்னைப் பேராசிரியரின் செல் வளர்ப்புக் கூடத்துக்கு மாற்றினார்கள். அனுபவசாலி வேண்டுமாம். அனுபவம் என்ன கிழிக்கும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன், பேராசிரியர் சொன்னால் பொழுது விடிந்துவிடும். எச்சில் வழியாகப் பரவுகிற ஒரு வைரஸ் உண்டு. அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. நாங்கள் எச்சில் வைரஸ் என்போம். எங்கள் ஊரில் நூறு பேரைப் பிடித்தால் எண்பது பேருக்கு மேல் அது வந்திருக்கும், வந்தது அவர்களுக்கே தெரிந்திருக்காது. பார்க்கிற கன்னத்தையெல்லாம் முத்தமிட்டுத் திரிகிற ஊரில் வேறென்ன நடக்கும்? அந்த வைரஸோடு ஒருமுறை மோதிய கொல்லி செல்கள் மாறிவிடுகின்றன. வருடக்கணக்காக உயிரோடு இருக்கின்றன, பெருகுகின்றன. இரத்தப் புற்று செல்லைக் கண்டால் மற்றவற்றைவிட மூர்க்கமாகப் பாய்கின்றன. அப்படிப்பட்ட செல்களைக் கூடப்பிறந்தவரிடமிருந்து எடுத்து, வளர்த்து, நோயாளிக்கு ஏற்றிப் பார்ப்பதுதான் எங்கள் சோதனைச் சிகிச்சை. எலிகளுக்கு நன்றாகக் கேட்டது. எலிகளுக்கு எதுதான் கேட்கவில்லை?

எங்கள் முதல் நோயாளி அர்யிரிஸ். நாற்பத்தொரு வயது, நகரப் பேருந்து ஓட்டுநர். இரண்டு சுற்று மருந்தேற்றி ஓய்ந்த இரத்தப் புற்று மறுபடி தலைதூக்கிவிட்டது. அவனுக்கு இருந்த கடைசி வழி நாங்கள்தான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவனுக்கு ஒரு அண்ணன், ஒரு தங்கை. இருவரும் ஒரே நாளில் இரத்தம் கொடுக்க வந்தார்கள்.

அண்ணன் அனெஸ்திஸ் மருந்துக் கடை வைத்திருக்கிறவன். உட்காரும் முன் நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்தான். நான் இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேரைக் குத்தியிருக்கிறேன், என் நாற்காலியைத் துடைத்தவன் இவன் ஒருத்தன்தான்.

"எனக்கு நாப்பத்தாறு வயசாகுது மேடம். ஒரு ஜலதோஷம்? ஒரு காய்ச்சல்? யாரையாவது சொல்லச் சொல்லுங்க பாப்போம். அடுத்தவன் டம்ளர்ல வாய் வெச்சதில்ல. யாரையும் கன்னத்துல முத்தம் குடுக்க விட்டதில்ல, மாமனார் உட்பட."

"மாமனாருக்கு ரொம்ப வருத்தமா இருந்திருக்குமே," என்றேன்.

கூட வந்திருந்த தாய் எவ்தெர்ப்பி என் கிண்டலைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "என் புள்ள ரத்தம் பன்னீரும்மா, பன்னீரு. தம்பிய இவன்தான் காப்பாத்துவான்," என்று சொல்லி, கண் படாமலிருக்க அவன் மேல் ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ என்று மூன்று தடவை துப்பினாள். எச்சிலில் பரவுகிற வைரஸ் இந்த வீட்டில் இவனை எப்படி விட்டுவைத்தது என்பது மருத்துவ அதிசயம்.

தங்கை ஃபொதினி நகராட்சிக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள். சட்டைக் கையில் காய்ந்துபோன கஞ்சி ஒட்டியிருந்தது. "சீக்கிரம் எடுத்துக்குங்கக்கா. ரெண்டு மணிக்குப் பசங்க எந்திரிச்சிடுவாங்க, அப்புறம் ஒருத்தியால சமாளிக்க முடியாது," என்றாள். அவளிடம் நான் இரத்தம் எடுத்த நேரம் முழுவதும் அண்ணன் அவள் சட்டைக் கையையே முறைத்துக்கொண்டிருந்தான்.

பரிசோதனை முடிவு மறுநாள் வந்தது. இருவரும் பாதிப் பொருத்தம், அது போதும். அனெஸ்திஸுக்கு எச்சில் வைரஸ் வந்ததே இல்லை. ஃபொதினிக்கு எப்போதோ வந்திருந்தது. இருபது வருடமாகப் பிள்ளைகளின் மூக்கையும் வாயையும் துடைக்கிறவளுக்கு வராமல் இருக்குமா? எங்களுக்கு வேண்டியது அவள்தான். அர்யிரிஸுக்கும் அந்த வைரஸ் முன்பே இருந்ததால் அவனுக்கு அதனால் புதிதாக ஒரு கேடும் இல்லை. சிகிச்சைத் திட்டத்தின் நாலாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: வைரஸைச் சந்தித்த கொடையாளரையே எடுக்க வேண்டும்.

நான் அந்த நாலாம் பக்கத்தை இரண்டு தடவை படித்திருந்தேன். ஆனால் என் கை படிக்கவில்லை. இரத்த வங்கியில் எச்சில் வைரஸ் உள்ள குழாய்க்குச் சிவப்புப் பொட்டு வைப்போம். அது இடது தட்டுக்குப் போகும், புற்றுநோய் வார்டுக்கு ஆகாது என்று அர்த்தம். இல்லாத குழாய்க்குப் பச்சை, அது வலது தட்டு. பச்சை கிடைத்தால் எங்களுக்குக் கொண்டாட்டம், குழந்தைகள் வார்டுக்கு உடனே ஃபோன் போடுவோம். இருபத்திரண்டு வருடம் ஒரு நாளைக்கு நூறு குழாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு வாயில் பாதி எள்ளு வளைய ரொட்டியை வைத்துக்கொண்டு, ஃபொதினியின் குழாயில் சிவப்புப் பொட்டை ஒட்டி இடது தட்டில் வைத்தேன். அனெஸ்திஸைப் பச்சையில் வைத்தேன். படிவத்தையும் அப்படியே நிரப்பினேன்.

பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். அன்று அவருக்குத் தொலைக்காட்சி நாள். மேல்கோட்டை மாட்டிக்கொண்டே ஒரு கையால் போட்டார். கொல்லி செல்லின் ஞாபகத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கப் போகிறவர், தானே எழுதிய நாலாம் பக்கத்தை மறந்தார். நான் அவரைச் சொல்லிச் சிரிக்கலாம், பேப்பரில் எனக்கு மேலே இருப்பது அவர் பெயர். ஆனால் குழாயைத் தட்டில் வைத்தது என் கை.

கணினி ஃபொதினிக்குத் தானாகவே ஒரு கடிதம் அனுப்பியது. உங்கள் இரத்தம் ஏற்றதாக இல்லை, காரணம் வைரஸ் தொற்று, ஒத்துழைப்புக்கு நன்றி. இதைவிட முட்டாள்தனமான கடிதத்தை ஒரு மனிதன் உட்கார்ந்து எழுத முடியாது, அதற்கு இயந்திரம்தான் வேண்டும்.

அந்தக் கடிதம் அந்த வீட்டில் என்ன செய்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அனெஸ்திஸ் அதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினானாம். "மூக்குச் சளி தொடைக்கிற வேலை வேணாம்னு அன்னிக்கே சொன்னேன், கேட்டியா? இப்ப உன் ரத்தத்துலயே ஊறிப்போச்சு." அதன் பிறகு அவளை வார்டுக்குள் விடக்கூடாது என்று தாயும் மகனும் முடிவு பண்ணிவிட்டார்கள். மருத்துவர் யாரும் அப்படிச் சொல்லவில்லை. இவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். தாய் தன் வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி எடுத்து வைத்தாளாம். ஃபொதினி தினமும் வேலை முடிந்து வந்து, ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்று, நாலாம் மாடி ஜன்னலைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போவாள். வர்தாரிஸ் என்கிற வாடைக் காற்று தோலை உரிக்கிற பிப்ரவரி அது. நான் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்திருக்கிறேன். இவளுக்கு உள்ளே வர என்ன கேடு, அவ்வளவு பயமா என்று ஏளனமாக நினைத்துக்கொண்டு என் காப்பியைக் குடித்திருக்கிறேன்.

அனெஸ்திஸ் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் படுத்துச் செல்கள் கொடுத்தான். கொடுக்கும்போது படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். கடைக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி இருமல் மருந்து விற்றான் என்றும் கேள்வி. நாங்கள் அவன் செல்களைப் பதினேழு நாள் வளர்த்தோம். கிருமி புகுந்துவிடும் என்று நடுவில் பையைத் திறக்க விடமாட்டார் பேராசிரியர். பதினேழாம் நாள் திறந்து எண்ணினேன். ஞாபகம் உள்ள செல் நூற்றுக்கு முப்பதாவது இருக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

இயந்திரம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி எண்ணினேன். பிறகு படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பேராசிரியரின் அறைக்குப் போனேன்.

"டாக்டர், அனெஸ்திஸோடது தேறாது. இல்லவே இல்ல."

"எது இல்ல?"

"ஞாபகம். அந்தாளுக்கு வைரஸே வந்ததில்ல. வராத விருந்தாளிய எப்படி ஞாபகம் வெச்சிருக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம் அவரை ஏன் எடுத்தோம்?"

"நான் தட்டு மாத்தி வெச்சேன். நீங்க படிக்காம கையெழுத்துப் போட்டீங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டினார். "சரி, தங்கச்சிய உடனே கூப்பிடு. அறிக்கைல 'கொடையாளரின் உயிரியல் மாறுபாடு'ன்னு போட்டுக்கலாம். நீ எதுவும் பேசாத. குடும்பத்துக்கிட்ட நான் பக்குவமா சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"அதான் சொன்னேனே. உயிரியல் மாறுபாடு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் தலைச் சாயத்தை அவர் வாயிலேயே ஊற்றியிருப்பேன். ஆனால் ஊற்றவில்லை. ஓய்வு பெற எனக்கு மூன்று வருடம்தான் பாக்கி என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஃபொதினியைத் தொலைபேசியில் கூப்பிட மனம் வரவில்லை. பேருந்து பிடித்துக் காப்பகத்துக்கே போனேன். தரையில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அர்யிரிஸ் போயிட்டானா?"

"இல்லம்மா, இல்ல. உன் ரத்தம் வேணும். மொதல்லயே உன்னோடதுதான் வேண்டியது. நான் குழாய தப்பான தட்டுல வெச்சிட்டேன்."

முழுவதையும் சொன்னேன். வைரஸ் வந்தவள் என்பதால்தான் அவள் செல்கள் மதிப்பானவை என்று சொன்னேன். அவள் அந்தப் பிள்ளையின் காலணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்போ நான் உள்ள போயி அவனைப் பாக்கலாமா?" என்றாள்.

"எப்பவுமே பாத்திருக்கலாம்."

அப்போதுதான் அழுதாள். காலணி மாட்டாத பிள்ளையும் அவளைப் பார்த்து அழ ஆரம்பித்தது. மற்ற எட்டும் சேர்ந்துகொண்டன.

மறுநாள் அவளும் நான்கு மணி நேரம் படுத்தாள். எழுந்ததும் நேரே நாலாம் மாடிக்குப் போனாள். முகமூடியைப் போட்டுக்கொண்டு அர்யிரிஸோடு கால்பந்தைப் பற்றிச் சண்டை பிடித்தாளாம். தாதி வந்து அதட்டுகிற அளவுக்குச் சத்தம்.

அன்று மாலை நான் அர்யிரிஸிடம் போய் உண்மையைச் சொன்னேன். பேராசிரியர் பக்குவமாகச் சொல்லுவார் என்று காத்திருந்தால் அவன் பேரப்பிள்ளை எடுத்துவிடுவான். அவன் உதடெல்லாம் புண்ணாக இருந்தது. கேட்டுவிட்டு மெதுவாகச் சிரித்தான்.

"பதினேழு நாளாக்கா?"

"பதினேழு."

"நான் பஸ்ஸ தப்பான தெருவுல திருப்பினா டிப்போல என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. உங்களை என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"நல்ல உத்தியோகம்." கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று எழுந்தேன். "அக்கா, இதை வீட்டுல நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா காய்ச்சல்ல ஒளர்றேன்னு அம்மா சொல்லும். ஃபொதினி சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்காரங்க வாயால வரணும்."

"சொல்றேன்," என்றேன்.

சொல்லவில்லை. தாழ்வாரத்தில் தாயையும் அனெஸ்திஸையும் ஐந்தாறு முறை நேருக்கு நேர் பார்த்தேன். "என் பையனோட செல்லு ரொம்ப வீரியமாம்மா, தம்பி உடம்பு தாங்காதாம், டாக்டர் சொன்னாரு," என்று தாய் பெருமைப்பட்டாள். உயிரியல் மாறுபாடு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இப்படி ஆகியிருந்தது. அனெஸ்திஸ் பக்கத்தில் நின்று அடக்கமாகத் தலையை ஆட்டினான். ஃபொதினியை ஆஸ்பத்திரி இரண்டாவதாகக் கூப்பிட்டது வேறு ஆள் கிடைக்காத குறைக்கு என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். நான் "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு மின்தூக்கிக்குள் நுழைந்துகொண்டேன். பேராசிரியரைக் கோழை என்று என் மனதுக்குள் ஆயிரம் முறை திட்டியவள் நான்.

ஃபொதினியின் செல்கள் எப்படி வளர்ந்தன தெரியுமா? நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. இந்த முறை பேராசிரியரைக் கேட்காமல் எட்டாம் நாளே பையைத் திறந்து எண்ணினேன். நூற்றுக்கு நாற்பத்திரண்டு. பதினொன்றாம் நாள் ஐம்பத்தெட்டு. ஒரு கண்ணாடித் தட்டில் அர்யிரிஸின் புற்று செல்களோடு அவற்றை விட்டுப் பார்த்தேன். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தட்டில் பாதிக்கு மேல் புற்று செல் செத்துக் கிடந்தது. கூடத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். வாய்விட்டு "சபாஷ்டி" என்றேன். பதினான்காம் நாள் ஏற்றலாம் என்று வார்டுக்கு எழுதி அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை அர்யிரிஸ் இறந்துபோனான். நுரையீரலில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஏற்றிப் பார்க்கிற வாய்ப்பையே அவனிடமிருந்து நான் பறித்தேன் என்பது மட்டும் தெரியும்.

பேராசிரியர் கூடத்துக்கு வந்து ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார். பிறகு, "அந்த ஐம்பத்தெட்டு சதவீதம், அந்தப் படத்தை எனக்கு அனுப்பு. மாநாட்டுக்கு நல்லாருக்கும்," என்றார். நான் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

அடக்கத்துக்கு அவர் பெரிய மலர்வளையம் அனுப்பினார். நான் நேரில் போனேன். அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே இருக்கிற காப்பிக் கடையில், வழக்கப்படி சர்க்கரை போடாத காப்பியும் பிராந்தியும் ரொட்டித்துண்டும் கொடுத்தார்கள். நீளமான மேசை. டிப்போவிலிருந்து சீருடையோடு பத்து ஓட்டுநர்கள் வந்திருந்தார்கள். தாய் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தாள். ஃபொதினி தட்டை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் ரொட்டி வைத்துக்கொண்டே வந்தாள். தாய் மட்டும் அவள் தட்டிலிருந்து எடுக்காமல், அனெஸ்திஸ் முன்னால் இருந்த தட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

அனெஸ்திஸ் பிராந்திக் கிண்ணத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே டிப்போக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "என்னால ஆனதை நான் குடுத்தேன். கடைசில வேற வழியில்லாம இவளோடத எடுத்தாங்க. அந்த ரத்தத்தை வெச்சிட்டு ஆஸ்பத்திரிக்காரன்தான் என்ன பண்ணுவான்?"

ஃபொதினி தட்டோடு நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். எதையும் கேட்கிற பார்வை இல்லை அது. என்னிடமிருந்து இனி எதையும் எதிர்பார்க்காத பார்வை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்தேன். முட்டி மேசையில் இடித்துக் காப்பி சிந்தியது.

"நான் ஆஸ்பத்திரிலேர்ந்து வரேன். ஸ்தாமதியா. இவங்க ரத்தத்துல செல்லு எண்ணினது நான்தான்." எல்லாத் தலையும் திரும்பின. "அனெஸ்திஸ் ரத்தம் இந்தச் சிகிச்சைக்கு உதவவே உதவாது. மொதல்லேர்ந்தே உதவாது. ஃபொதினியோடதுதான் வேண்டியது. நான் தப்பான தட்டுல வெச்சேன். பேராசிரியர் படிக்காம கையெழுத்துப் போட்டாரு. பதினேழு நாள் போச்சு. இல்லாட்டி அவ செல்லு அர்யிரிஸ் உடம்புக்குள்ள போயிருக்கும். அவ ரத்தத்துல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் எங்களோடது."

"அப்படின்னா என் ரத்தம் வேஸ்ட்டுன்னா சொல்றீங்க?" என்றான் அனெஸ்திஸ். தம்பியை அடக்கம் பண்ணிவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அவனுக்கு வந்த கவலை அது.

டிப்போக்காரர் ஒருவர், "கொஞ்சம் சும்மா இருய்யா," என்றார்.

ஃபொதினி கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். தாயின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, மேசையின் அந்தக் கோடியிலிருந்து என்னிடம் சொன்னாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கக்கா. அம்மாவுக்கு எடது காது கேக்காது."

நான் அந்தக் கோடிவரை நடந்துபோய், கிழவியின் வலது பக்கம் குனிந்து, முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.